முப்பத்தொன்பதாவது

ஏறும்போது முப்பத்தெட்டு.
இறங்கும்போதும் முப்பத்தெட்டு.
மிஸ் ஹோ இருமுறை தலை எண்ணிக்
கையெழுத்திட்டுப் போனார்.

பாசிர் ரிஸ் சேற்றைப் பாதி
என் பேருந்துக்குள் விட்டுப் போயிருந்தார்கள்.
படியில், இருக்கை முதுகில்,
ஏர்கான் துளையில்கூட ஒரு கட்டைவிரல் தடம்.
அழுகிய முட்டை வாடை.
"நாத்தம் இல்ல அங்கிள், மண்ணு மூச்சு விடுது"
என்றாள் இறங்கும்போது ஒருத்தி.
மூச்சோ என்னவோ,
ஐந்தரைக்குத் துவாஸ் ஆட்கள் ஏறுவார்கள்.
அவர்களும் மூச்சு விட வேண்டும்.

லோயாங்கில் வண்டியை நிறுத்திக் குழாயைத் திருகினேன்.
பதினான்காம் இருக்கைக்கு அடியில்
மிதிபட்ட பயிற்சித்தாள்:
இடம். நேரம். அலை மட்டம்.
உயிரினத்தின் பெயர், எண்ணிக்கை.
நண்டு ஏழு என்று எழுதி, அடித்து,
பதினொன்று என்று எழுதி, அடித்து,
'ஓடிக்கொண்டே இருக்கின்றன' என்று முடித்திருந்தான்
ஃபிர்தௌஸ், உயர்நிலை ஒன்று.
கடைசிக் கட்டம் காலி.

பக்கத்திலேயே, கறுத்து, கூம்பாக,
சேறு காய்ந்த ஒரு சங்கு.
எதையும் எடுக்கக் கூடாதென்று காலையில்
வழிகாட்டி கத்தியது வண்டிவரை கேட்டதே.
யாரோ எடுத்திருக்கிறார்கள்,
பிறகு பயந்திருக்கிறார்கள்.

வெறும் ஓடு என்று
குப்பைத் தொட்டிவரை போய்விட்டேன்.
வாயோரம் ஒரு சின்னக் கதவு
சட்டென்று உள்ளே சாத்திக்கொண்டது.

மணி நான்கு பத்து.
நாற்பது இருக்கை வண்டி, ஒரே பயணி,
தே ஓ குடித்த பிளாஸ்டிக் குவளையில்.
வளைவுகளில் மெதுவாகத் திருப்பினேன்.
சிரிப்பாகத்தான் இருந்தது.

பலகைப் பாதையில் போய் நின்றால்
காலையில் பிள்ளைகள் குனிந்து நின்ற சேற்றைக் காணோம்.
தண்ணீர் ஏறி
கண்டல் மரங்களின் முழங்கால்வரை நின்றது.

இதற்குத் தண்ணீர் வேண்டுமா, சேறு வேண்டுமா?
அதையெல்லாம் சொல்லித்தான் இருப்பார்கள்.
பன்னிரண்டு வருடமாகப் பள்ளிகளைக் கூட்டிவருகிறேன்,
ஒவ்வொரு முறையும்
ஏர்கானைப் போட்டுத் தூங்கிவிடுகிறேன்.

நீர் தொட்டும் தொடாமலும் இருந்த வேரில்
வைத்தேன்.
நான் நின்றவரை கதவு திறக்கவில்லை.
உளுவை மீன் ஒன்று
அதன்மேல் ஏறி இறங்கிப் போனது.

துவாஸுக்குப் பத்தொன்பது நிமிடத் தாமதம்.
விரைவுச்சாலையில் நெரிசல் என்று சொல்லிவைத்தேன்.
பின்னிருக்கையில் ஒருவர் மூக்கைச் சுளித்து
சன்னலைத் தேடினார்,
இந்த வண்டியில் திறக்கிற சன்னல் கிடையாது.

சிவப்பு விளக்கில் அந்தத் தாளை எடுத்தேன்.
பெயர் தெரியவில்லை.
எண்ணிக்கையில் ஒன்று என்று போட்டு
வெயில் மறைப்பில் செருகினேன்.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.