இருபது கிலோவுக்குக் கீழே

போர் எங்கள் பேட்டைக்கு
எடை போடப்பட்டுத்தான் வந்தது.
துறைமுகத்தில் முத்திரை வாங்கி,
எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று,
விடியற்காலை சாத்தாங்காட்டில்
என் மேடைமேல் ஏறியது:
இருபத்து நான்கு டன், அறுநூறு கிலோ.
பொருள்: கலப்பு இரும்புக் கழிவு.
புறப்பட்ட நாடு என்ற கட்டத்தில்
யாரோ காப்பி சிந்தியிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் மணல் கொட்டியது.
நம் மணல் இல்லை, மாவு மாதிரி, சாம்பல் நிறம்.
அதன் பின்னால் டாங்கியின் சங்கிலிப் பற்கள்,
கருகிய லாரி அச்சு,
ஒரு பள்ளி வண்டியின் இருக்கைச் சட்டம்.
அது எப்படி இதில் என்று யாரும் கேட்கவில்லை.
அடியில், சுரைக்காய் குவித்தாற்போல்
செம்புப் பட்டை போட்ட குண்டு ஓடுகள்.

செம்புக்கு வேறு விலை.
ஏகாம்பரம் பட்டையை நெம்ப,
பூங்காவனம் சம்மட்டியோடு குந்தினாள்.
ஓட்டுக்குள் மஞ்சளாக ஏதோ
பெருங்காயக் கட்டிபோல் இறுகிக் கிடந்தது.
சுரண்டித் தரையில் தட்டிவிட்டு
அடுத்ததை எடுத்தார்கள்.
மூன்றாம் நாள் அவள் உள்ளங்கை மஞ்சள்.
"காமாலைன்னு நெனச்சேன் சார்,
சோப்பு போட்டாலும் போவல."

நாலாம் நாள் வெடித்தது ஒன்றுதான்.
சின்னதுதான் என்றார்கள்.
ஏகாம்பரத்தின் இரண்டு விரல்
எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

பிறகு காக்கி வந்தது,
அப்புறம் ராணுவப் பச்சை,
மூன்று வாரம் கழித்து வெள்ளை:
உச்சி முதல் உள்ளங்கால்வரை மூடிய உடுப்புக்குள்
ஆவணி வெயிலில் இட்லிபோல் வெந்துகொண்டு.
பெனிட்டா என்ற பெண்
கயிறு கட்டி முற்றத்தைச் சதுரங்களாக்கினாள்.
சதுரத்துக்கு ஒரு கரண்டி மண்,
ஒரு பை, ஒரு எண்.
ஒரு சாண் சுரண்டச் சொன்னாள்.
முடிவு வந்ததும் இன்னொரு சாண்.
கிணற்றுக்கு மூடி போட்டாள்.
பட்டுப்போன புங்கமரத்தை வேரோடு பொதிந்தார்கள்,
வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளையும்.
அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.
வேலை தெரிந்தவள்.
சாப்பிடும்முன் முழங்கைவரை மூன்று தரம் கழுவுவாள்,
எங்களையும் கழுவ வைத்தாள்.

ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே
ஒரு ராத்திரி மழை பெய்திருந்தது.
முற்றத்தில் ஓடிய தண்ணீர் ரோஸ் நிறம்.
நான் பார்த்தேன்.
மதில் ஓட்டை வழியாகக் கால்வாய்க்கு,
கால்வாயிலிருந்து முகத்துவாரத்துக்கு,
அங்கே மார்பளவு நீரில் குனிந்து
சேற்றில் இறால் தடவும் கைகளுக்கு.

டிரம்கள் நூற்றுப் பதினொன்று
கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டன,
என் மேடைமேல் ஏறி இறங்கி.
தொழில் புத்தி, கழித்துப் பார்த்தேன்.
ஆலைக்குப் போன இரும்பு, கடைக்குப் போன செம்பு,
ராணுவம் எடுத்துப்போன ஓடுகள்,
மண்ணில் கலந்தது இவ்வளவு என்று பெனிட்டா தந்த மதிப்பு,
எல்லாம் கூட்டியும்
முந்நூற்றிருபது கிலோ உதைத்தது.
"ஈரப்பதம்னு எழுதுங்க" என்றார் அதிகாரி.
எழுதினேன்.

நேற்று பூங்காவனம் வந்தாள்.
கையை விரித்துக் காட்டினாள், மஞ்சள் போயிருந்தது.
இருமல் போகவில்லை.
"என் செருப்பையுந்தான டிரம்முல போட்டாங்க,
அத்த எதுல எழுதின?"
தண்டையார்பேட்டையில் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கியது,
வாங்கி ஒரு வாரம்.

மேடையின் தகட்டைக் காட்டினேன்.
குறைந்தபட்சம் இருபது கிலோ.
அதற்குக் கீழே இதற்கு எதுவும் தெரியாது:
செருப்பு, விரல்,
காற்றோடு போன பொடி,
அவள் மூச்சு வாங்கும்போது உள்ளே கேட்கும் கரகரப்பு.

கொஞ்சநேரம் தகட்டையே பார்த்தவள்
லாரி ஏறும் இடத்தில் வெறுங்காலோடு ஏறி
நடுவில் போய் நின்றாள்.
சிவப்பு எழுத்து நடுங்கி, நாற்பதில் நின்றது.
"சீட்டு குடு" என்றாள்.

பொருள் என்ற கட்டத்தில் என்ன அடிக்கட்டும் என்றேன்.

"செருப்பு இல்லாம நாப்பதுன்னு போடு."