திரும்பும் உறை

ஷெட்லாந்தின் வடகோடித் தீவில் தபால்காரி நான்.
ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில்
சாதுவாகப் படுத்திருக்கும் அந்த உறையைப்
பார்த்ததுமே தெரிந்துவிடும்.

லோரி ஹால்க்ரோ அதை வாங்கி
படகு நேர அட்டவணைக்குப் பின்னால் செருகினான்.
இரண்டு வருடம் கழித்து இன்னொன்று வந்தது.
அதையும்.

எந்த ஆட்டுக்குக் கழிச்சல்,
எதன் புழுக்கையில் சளி, எதற்கு இன்றே மருந்து,
வேலிக்கு இந்தப்பக்கம் நின்றே சொல்லிவிடுவான்.
குனிந்து விரலால் பிட்டும் பார்ப்பான், கூசாமல்.
"உன்னுடையதை?" என்றேன் ஒருநாள்.
காது மடல் சிவந்தது.
காற்று, என்றான்.

குட்டி ஈனும் மாதம் முடிந்த ஒரு திங்கட்கிழமை
வாசலிலேயே நின்றான், உறையோடு.
மூடியில் கோத்த குச்சி, நுனியில் வரிப்பள்ளம்,
அதில் ஒட்டுகிற அளவு போதுமாம்.
"ஓர் ஆட்டுக்கு இது காணாது" என்றான்.
தேதி எழுதியிருந்தான்,
முள்வேலியில் சிக்கிய கம்பளி மாதிரி எழுத்தில்.

பையில் போட்டுக்கொண்டேன்,
யாருக்கோ பின்னிய கையுறைப் பொட்டலத்துக்கும்
மின்கட்டணத்துக்கும் நடுவில்.
இரண்டு படகு மாறி, அப்புறம் ஒரு கடல் தாண்டி
டண்டீ போய்ச் சேரும்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத்தான் தேடுகிறார்களாம்.
தெரிகிறவரை காத்திருந்தாள் என் அக்கா இஸ்பெல்.
அவள் உறை இன்னும் என் சமையலறை இழுப்பறையில்,
கெடு தேதி தாண்டி ஏழு வருடமாக.

பதினோராம் நாள் லோரிக்குக் கடிதம்.
மெல்லிய உறை.
கையில் எடை பார்த்தேன்,
நல்லதா கெட்டதா, ஒன்றும் பிடிபடவில்லை.
அவன் வாசலில்
ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்தினேன்.