புதன்கிழமை நோட்டு

கூரையில் ஒன்பது ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள்.
நான்கு ஐப்பசியில் உடைந்தன.
நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி
அதன் கீழே பதினோரு பேர்
முழங்காலில்.

ஜெப நோட்டு என் கையெழுத்து.
லோவிசாளின் மூட்டுவலி,
எபினேசரின் வீட்டுப் பட்டா,
சாரோனுக்கு அரியர்ஸ் இரண்டு பேப்பர்,
பெயர் போட வேண்டாம் என்று அழுத ஒருத்தி:
'ஒரு சகோதரி' என்று போட்டேன்.

கல் விழுந்ததற்கு அடுத்த வாரம்
போதகர், கட்டுப்போட்ட கண்ணோடு, சொன்னார்:
அவர்களையும் எழுதுங்கள்.

வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.
ஆனால் கேத்தி பாலாடாவில்
யாரும் யாரையும் சத்துரு என்று சொல்வதில்லை.
அந்தச் சொல் வசனத்துக்குள்ளேயே
சத்தமில்லாமல் குடியிருந்தது.
இப்போது அதற்குப் பெயர் வேண்டுமாம்.
மொத்தமாய் எழுதினால் கர்த்தருக்குத் தெரியாதா,
என்றான் எபினேசர்.
அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியணுமே.

தேடினோம்.
பால் சொசைட்டியில், சலூனில், மினி பஸ் கண்டக்டரிடம்.
சிவப்புச் சட்டைக்காரன் நஞ்சுண்டன்.
செல்போனில் படம் பிடித்தவனுக்கு
அம்மா வைத்த பெயர் வேறு, ஊர் கூப்பிடுவது வேறு;
இரண்டையும் எழுதினோம்.
குணபாலனுக்கு 'ல'வா 'ள'வா என்று
ஓட்டைக் கூரைக்குக் கீழே கால்மணி நேரம் வாக்குவாதம்.
லோவிசாள் சிரித்துவிட்டாள்.
அந்த மாதத்தில் எங்களுக்கு அதுதான் முதல் சிரிப்பு.

ஆறு பெயர் ஆயிற்று.
ஏழாவது எனக்குத் தெரியும்.

தன் விரல்களை கிடாரோடு சேர்த்து
மிதித்தது யாரென்று
தம்பி போலீசில் சொல்லவில்லை.
இருட்டு, என்றான்.
நானும் அங்கேதான் இருந்தேன்.
டியூப் லைட் கடைசியாகத்தான் உடைந்தது.

தவசீலன்.
கேரட் கழுவும் மிஷினில்
எனக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவன்.
இரவு இரண்டு மணி. மேட்டுப்பாளையம் லாரி காத்திருக்கும்.
டிரம் சுற்றும், மண் கழன்று ஓடும்,
அவன் அள்ளிப் போட, நான் சொத்தை பொறுக்க,
இரண்டு பேர் கையும் ஒரே தண்ணீரில் விறைக்கும்.
என் முகத்தை அவன் பார்ப்பதில்லை.
நான் அவன் கையையே பார்ப்பேன்.

அவன் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.
மற்றவர்கள் வருமுன் அழித்தேன்.
அடுத்த புதனும். அதற்கடுத்ததும்.
பட்டியல் வாசிக்கையில் அந்த இடம் வந்தால்
இருமுவேன்.
ஒருநாள் உண்மையாகவே ஒன்று கேட்டேன்:
டிரம்மில் அவன் கை மாட்டட்டும்.
ஆமென் சொல்லவில்லை.
ஆமென் இல்லாதது போய்ச் சேராது என்று
சின்ன வயதில் நம்பியதுண்டு.
மறுநாள் வேலை முடியும்வரை
அவன் கையைவிட்டுக் கண்ணெடுக்க
பயமாயிருந்தது.

ரப்பர் தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது.
இனி பேனா வைத்தால் ஊறும்.

நேற்று உறைபனி.
குழாய் கட்டிக்கொண்டது, தண்ணீர் வரவில்லை.
சாக்கைக் கொளுத்திக் குளிர் காய்ந்தோம்.
அவன் மட்டும் தள்ளி நின்று போனில்:
நூத்திமூணா? துணி நனைச்சுப் போடு.
விடிஞ்சாத்தான் ஊட்டிக்கு வண்டி.

பாப்பா பேரு என்ன?
கேட்டது யாரென்று
நானே பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அவன் முகம் வெளுத்தது.
எதுக்கு? கேஸுக்கா?
குழந்தையையும் சேர்த்து எழுதுவீங்களா?

இல்ல. புதன்கிழமைக்கு.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது,
பனித்துணுக்குகளோடு.
லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
ஒரு மூட்டை முடிந்தது. இன்னொன்று.
மூன்றாவதை அவிழ்க்கும்போது
கேரட்டைப் பார்த்துக்கொண்டே
கனிஷ்கா, என்றான்.

'ஷ்' தானே?
ஆமா. 'ஷ்'.

புதுப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறேன்:
கனிஷ்கா, காய்ச்சல்.
தகப்பன் பெயருக்கு
இடம் விட்டிருக்கிறேன்.