கைக்குட்டையில் சுற்றிய காந்தம்

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
நாலு கிலோமீட்டர்.
பெயர்ப்பலகைகளில் தமிழ் கீழே இறங்கி
மலையாளம் மேலே ஏறிய பிறகு இடப்பக்கம்,
கரும்பனைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.
கணவாய்க் காற்று அதை ஓயாமல்
தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது,
எனக்கு முன்பே வந்துவிட்ட மதிப்பீட்டாளன் மாதிரி.

சேதுமாதவன் போர்வையை உருவினார்.
சிவப்பு.
டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், எழுபத்திரண்டு மாடல்,
இரண்டே இருக்கை, கம்பிச் சக்கரம்,
மூக்கோடு சேர்ந்து ஒரே துண்டாய்
முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் பானெட்.
"நோக்கிக்கோங்க சாரே, குழந்தையாக்கும்."
அவர் தமிழில் எல்லா வாக்கியமும்
கடைசியில் கொஞ்சம் மேடேறும்.

நான் முதலில் பார்ப்பது வண்டி நிற்கும் தரையை.
எண்ணெய்க் கறை, உள்ளங்கை அகலம்.
நல்லது. இந்தக் குடும்பத்து என்ஜின்
ஒழுகவில்லை என்றால்
உள்ளே எண்ணெயே இல்லை என்று பொருள்.

அப்புறம் கைக்குட்டையில் சுற்றிய காந்தம்.
பானெட்டில் பிடித்தது.
கதவில் பிடித்தது.
பின்சக்கர வளைவில் யோசித்துப் பிடித்தது.
கதவுக்கு அடியில், வண்டியின் எடை முழுக்க
நம்பி உட்கார்ந்திருக்கும் சட்டத்தில்
வழுக்கி என் செருப்பில் விழுந்தது.
ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
விழுந்தது.
"மழை வருமோ" என்று மேலே பார்த்தார் அவர்.
மார்ச் மாதம்.

கூரையில்லாத வண்டி நடுவில் தொய்ந்தால்
முதலில் சொல்லிக்கொடுப்பது கதவுதான்.
கீழே சுண்டுவிரல் நுழைந்தது,
மேலே நாணயம்கூட நுழையவில்லை.
எழுதிக்கொண்டேன்.

கொழிஞ்சாம்பாறை வரை ஓட்டிப் பார்த்தேன்.
பனை நிழல் ஒவ்வொன்றாய் மடிமேல் ஏறி இறங்கியது.
கள்ளு வண்டிக்காரன் ஓரம் ஒதுங்கிக் கும்பிட்டான்.
மூன்றாம் கியரில் ஒரு முனகல்,
அதைக் குறிக்க வேண்டும், மறந்துவிட்டேன்,
திரும்பும்போதும் மறந்துவிட்டேன்.

கொட்டகையில் அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்,
துருப்புச்சீட்டு இறக்குகிறவர் போல.
"ஞான் கண்ணை மூடி வாங்கினதில்லை.
கோயமுத்தூர் ஆளு நோக்கி எழுதின கடலாஸு இது."
பதினாலு வருஷத்துப் பழுப்பு.
அடித்தட்டு: நன்று.
துரு: இல்லை.
கீழே ஒரு கையெழுத்து.
ரகரத்தின் காலை
அப்போதெல்லாம் நான் அவ்வளவு நீளம் இழுப்பேன்.

அன்று இவர் இல்லை, இவருக்கு விற்றவன் இருந்தான்.
இளநீர் வெட்டிக் கொடுத்தான்.
நான் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப்
போகிற வழி. வெள்ளைச் சட்டை.
குனிந்தேன், நிச்சயமாகக் குனிந்தேன்.
படுக்கவில்லை.

இன்று சாக்கு விரித்துப் படுத்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் வரிசையாய் ரிவெட்டுகள்,
விரற்கடை தடிமனுக்குப் பட்டி,
பட்டி உதிர்ந்த இடத்தில் எண்ணெய் டின் தகடு,
தகட்டில் பாதித் தென்னை, இன்னும் பச்சையாக.
ஒரு சொட்டு எண்ணெய் சரியாக என் பாக்கெட்டில் விழுந்தது.

எழுந்து சொன்னேன்:
"இது என் கையெழுத்து."
அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி தாளை.
கத்துவார் என்று நினைத்தேன்.
"அப்போ, இப்ப எத்தனை போடுவீங்க?" என்றார்,
மேடேறாமல்.

அதற்குள் கோவையிலிருந்து நவநீதன்:
"எடுக்கலாமா சார்?"
அடிச்சட்டம் இரண்டையும் வெட்டி மாற்ற வேண்டும்,
சொன்ன விலையில் இரண்டரை குறைத்தால் எடுக்கலாம்,
பழைய சான்றை எழுதியவனும் நான்தான்,
வேறு ஆளை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
இவ்வளவையும் சேதுமாதவன் காதுபடச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

கூலி வாங்கவில்லை.
அது எந்தக் கணக்கில் சேருமென்று தெரியவில்லை,
இரண்டரை லட்சத்தில்
இளநீர் விலை போக மீதி என்ன என்றும்.
அவர் போர்வையைப் பின்னாலிருந்து இழுத்து வந்து
முன்விளக்குகளைக் கடைசியில் மூடினார்.

சாவடியில் காவலர் கையை நீட்டி மறித்தார்.
சட்டைக் கறையைப் பார்த்தபடி கேட்டார்:
"பாக்கெட்ல என்ன, கனமா தொங்குது?"
எடுத்துக் காட்டினேன்.
வண்டிச் சாவி, வீட்டுச் சாவி,
மூன்று ஒற்றை ரூபாய்,
எல்லாவற்றையும் கவ்விப் பிடித்தபடி
காந்தம்.