விடியற்காலை ஐந்தரை

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் விளக்கு
என் கடைப் பலகையில் பாதிக்குத்தான் விழும்.
ராத்திரி பத்தேகால்.
தக்காளி வண்டி அலியார் போனை நீட்டினார்.
கம்பெனிப் பெயர் வரும், அதிரும், அணையும்;
மறுபடி கம்பெனிப் பெயர்.

"யாரு கை வெச்சது?"
"நாந்தான். பழசு இழுத்துட்டே கெடந்துச்சு தங்கச்சி,
கர்னல மாத்துனேன்."
"பேக்கப்?"
வெளியே தன் வண்டியைப் பார்த்தார்.

மொத்தமாய்த் துடைத்தால் எழுந்துவிடும்.
துடைத்தது துடைத்ததுதான்.
சத்தம் குறைக்கும் பொத்தானையும் பவரையும்
சேர்த்தழுத்திப் பத்து எண்ணினேன்.
கேபிள் இரண்டு தடவை ஏமாற்றியது.
பழைய பூட் ஃபைலை மட்டும் ஏற்றினேன்.
டீ வந்தது, யாரும் தொடவில்லை.

கம்பெனிப் பெயர்.
அதிர்வு.
அணையவில்லை.

திரையில் 1970, ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை.
"அப்ப நான் பொறக்கவே இல்ல" என்றார்.
டவர் கிடைக்கும்வரை இருவரும்
அந்த விடியலிலேயே நின்றோம்.

பிறகு கேரளம் வரவேற்றது,
உடனே தமிழ்நாடு வரவேற்றது,
திரும்பவும் கேரளம்.
பதினேழு மிஸ்டு கால், எல்லாம் மண்டிக்காரன்.

வண்டியைக் கிளப்பிவிட்டு
ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டார்:
"அந்தப் புதுசு நல்லாத்தான இருந்துச்சு,
நாளைக்கு ஒருக்கா ஏத்திப் பாக்கலாமா?"