ப்ராஸ் வரைக்கும்

நாலு ஐம்பத்திரண்டு வண்டி.
குவாயனாசெஸில் ஏறும்போதே
உட்கார இடமிருக்காது.
முதல் வாரம் நான் போட்ட திட்டம்
உமக்குத் தெரியும், ஆண்டவரே:
போகும்போது ஒரு அதிகாரம்,
வரும்போது ஒரு அதிகாரம்,
டிசம்பருக்குள் கடைசிப் பக்கம்.
அடிக்கோடு போடப் பென்சில்கூட வாங்கினேன்.

பென்சிலை எடுக்கக் கை வேண்டுமே.
ஒன்று கம்பியில்.
இன்னொன்று பைக்கும் யாருடைய முதுகுக்கும் நடுவில் சிக்கி
இட்டாகேரா வரை என்னுடையதாகவே இல்லை.

பிறகு காதில் மாட்டிக்கொண்டு பிரசங்கம் கேட்டேன்.
போதகர் தூக்கத்தைக் கண்டித்துப் பேசிய அன்று
நின்றபடியே தூங்கி
ப்ராஸைத் தாண்டிப் போய்விட்டேன்.
மேற்பார்வைக்கார வால்டிரேனி
அரைமணிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகக் கம்பிதான் மிஞ்சியது.
கண்ணுக்கு நேரே, கம்பியைப் பிடித்த கைகள்.
சிமெண்டில் வெடித்த கை.
நகப்பூச்சு பாதி உரிந்த கை.
மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்த ஒரு விரல்.
முகத்தைப் பார்த்தால் முறைத்தது போலாகும்;
கையைப் பார்த்தால் யாரும் கோபிப்பதில்லை.
ஒரு நிலையத்துக்கு ஒரு கை என்று
உம்மிடம் சொல்லத் தொடங்கினேன்.
பெயர் தெரியாது. "இந்த வெளுத்த விரல்" என்பேன்.
உமக்கு விளங்கியிருக்கும்.

எல்லாருக்கும் அல்ல.
காதருகே செல்போனை அலறவிட்ட பையனுக்காக
மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை.
அவன் போன் உடையட்டும் என்று கேட்டேனா?
கேட்டேன்.
அதையும் ஜெபக்கணக்கில் எழுதினீரோ, என்னவோ.

சூயிங்கம் விற்கும் ஜுரந்திர்
காவலாளியைக் கண்டதும்
மூட்டையை என் காலடியில் தள்ளிவிட்டு
பயணிபோல் ஜன்னலைப் பார்த்தான்.
நான் பாவாடையை அதன்மேல் விரித்தேன்.
அது பொய்யா, ஆண்டவரே?
தட்டுவாப்பே வரைக்கும் உம்மோடு வாதாடிக்கொண்டே போனேன்.
நீர் ஒன்றும் சொல்லவில்லை.
புதினா வாசனை மட்டும் வந்தது.

மார்ச் மழையில் தண்டவாளம் முழுகி
இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றோம்.
விளக்கு அணைந்தது.
யாரோ தேம்பினார்கள்.
இருட்டில் அது எந்தக் கை?
அன்று கம்பியையே உம்மிடம் கொடுத்தேன்,
பிடித்திருந்த எல்லாரோடும் சேர்த்து.

ஜூனில் மாற்றல் கிடைத்தது.
புது கிளினிக், அதே சலவை வேலை,
வீட்டிலிருந்து நாலே தெரு.
நடந்தால் ஒன்பது நிமிஷம்.
சபையில் எழுந்து சாட்சி சொன்னேன்.
"நாளுக்கு மூன்று மணி நேரம் மிச்சம்!"
எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

மேஜை போட்டேன். விளக்கு வைத்தேன்.
பென்சிலைச் சீவினேன்.
முழங்கால்படியிட்டு வாயைத் திறந்தால்
ஒரு சொல் வரவில்லை.
பிரிட்ஜ் உறுமிவிட்டு ஓய்ந்தது.
நாள்காட்டியில் போன மாதமே தொங்கியது.
எதிரே ஒரு கையும் இல்லை.
இப்படியே பதினேழு நாள்,
நீரும் நானும்
அறிமுகமில்லாதவர்கள் மாதிரி.

நேற்று வாஷிங்மெஷின்
பிழியும் கட்டத்துக்கு வந்து
தடதடவென்று அதிர்ந்து
தரையில் ஒரு சாண் நகர்ந்தது.
ஓடிப்போய் அதன் விளிம்பைப் பிடித்தேன்.
கால் தானாக அகன்று நின்றது.
பிடித்த கை பிடித்தபடியே இருக்க
வெளுத்த விரல் வந்தது.
சிமெண்ட் கை வந்தது.
ஜுரந்திரின் மூட்டை வந்தது.
கடைசியில் அந்தப் பையனும்.
அவன் போன் நன்றாக இருக்கட்டும் என்றேன்,
சத்தத்தை மட்டும் நீர் பார்த்துக்கொள்ளும்.

மகள் தைனாரா
பல்துலக்கும் வாயோடு வாசலில் நின்றாள்.
"மெஷினைக் கட்டிக்கிட்டு யாரோட பேசுறேம்மா?"

"கொஞ்சம் இரு," என்றேன்.
"ப்ராஸ் இன்னும் வரல."