மை தடவிய விளிம்பு

சாவோ லூயிஸில் விடிந்ததிலிருந்து மழை.
வளைகுடாவைக் கடந்து வந்த படகில்
இரண்டு ஜாடிகள்.
ஒன்றில் பட்டாணி அளவு.
மற்றதில்
அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் இவானில்டே.
இருபத்தோரு வருஷமாக இதே வேலை அவளுக்கு.

பட்டாணிக்காரனுக்கு வயது இருபத்து நான்கு.
பயத்தில் பாதி செத்திருப்பான்;
கண்ட பத்தாம் நாளே ஓடி வந்திருக்கிறான்.
லென்சின் கீழ்
விரல் விரலாய் மேலெழுந்த தோல்,
கருவைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட உயிரணுக்கள்.
மேலே எத்தனை ஆட்டம் போட்டாலும்
அடிச்சவ்வைத் தாண்டாத மரு.
தீங்கற்றது என்று தட்டச்சு செய்தேன்.
அதைக் கேட்டு அவன் தெருவில் நின்று அழலாம்,
பீர் வாங்கலாம்.

டொரிவால், ஐம்பத்தெட்டு. நண்டு பிடிப்பவர்.
பதினான்கு மாதம்
சிறுநீரகக் கல் என்று வீட்டில் சொல்லியிருந்தார்.
பின்னுக்கு இழுக்க வராத முன்தோலுக்குள்
முழுப் பூசணிக்காய்.
நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது.

ஆண்குறியின் வெட்டு விளிம்பில் கறுப்பு மை தடவினேன்.
துண்டு போட்டேன், மெழுகில் புதைத்தேன்,
தலைமுடியைவிட மெல்லிசாய்ச் சீவினேன்.
சவ்வை உடைத்துக்கொண்டு
நாக்கு நாக்காய் உள்ளே இறங்கியிருந்தது புற்று.
நடுநடுவே வளையம் வளையமாய்க் கெரட்டின்;
முத்து என்றுதான் பெயர் அதற்கு
எங்கள் பாடநூல்களில்.
ஆயுசெல்லாம் அலையாத்திச் சேற்றில்
தோள்வரை கைவிட்டுத் துழாவியவருக்கு
முத்து.

மையை அது தொடவில்லை.
நாலு மில்லிமீட்டர் மிச்சம்.
இதைத்தான் நல்ல செய்தி என்கிறோம்.

அறிக்கை வாங்க வந்தது மனைவி, ஜெனெரோசா.
சொட்டும் குடை, நாலாய் மடித்த பிளாஸ்டிக் பை.
படிக்கத் தெரியாது.
"எதை வெட்டினார்கள் என்று இதில் போட்டிருக்கா?"
போட்டிருக்கிறது.
"படகில் யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்றிருந்தேன்."

கதவைச் சாத்தினேன்.
நானே படித்தேன், கடைசி வரி வரை,
அந்தச் சொல் வந்தபோதும் குரலைத் தாழ்த்தாமல்.

கையைப் பிசையவில்லை அவள்.
வெகுநேரம் மேஜையைப் பார்த்திருந்துவிட்டு
"அப்போ கல் இல்லையா?" என்றாள்.

இங்கே கல்லுடைப்பான் என்பார்கள் கீழாநெல்லியை.
பதினான்கு மாதமும்
விடியுமுன் வேலியோரம் பறித்து,
அலசி, காய்ச்சி, ஆற்றி,
டம்ளரில் கொடுத்தாளாம்.

"மீதி வைத்ததே இல்லை டாக்டர்.
ஒரு நாள்கூட."